கலமும் முறியும்

சுமத்திராவின் மேலைக் கரையில் பாரூஸ் என்னும் பழந்துறை ஒன்று உண்டு. மலாய் மொழியில் கருப்பூரத்தைக் "காப்பூர் பாரூஸ்" என வழங்குவது இவ்வூர்ப் பெயரால் ஆகியதே. அதனை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-இல் பொறிக்கப்பட்டது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் எனப் பெயர் பூண்ட வணிகக் குழுவினர் அதனை நிறுவினர். நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார், பின்னர் எ. சுப்பராயலு அதனை மீண்டும் படித்துப் பல சொற்களுக்குத் தெளிவு கண்டார். மரக்கலத்துடன் வந்து சேரும் தலைவனும் அவனுடன் வந்தோரும், கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகக் கட்டணம் செலுத்திய பின்னரே, விரித்த பாவாடைமேல் அடிவைத்து ஏறலாம் என்பது அக்கல்வெட்டால் அறியக் கிடக்கின்றது. (பாவாடை என்பது ஈண்டு நடப்பதற்கு விரிக்கும் துணி, இக்கால வழக்கைக் கொண்டு மாணவர் மயங்குதல் கூடும்.)

கடலில் எவரும் செல்லலாம், கரையில் இறங்குவதற்கே இசைவு வேண்டும் என்னும் வழக்கு மலாய்க் கடற்புறத்தில் தமிழிலேயே எழுதிவைக்கப்பட்டது என்பதற்கு இக்கல் சான்று. அதற்கும் முன்னர்க் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையில் பொதிகளின்மேல் புலிமுத்திரை இட்டதைப் பட்டினப்பாலை கூறுவதைத் தமிழாசிரியர் அறிவர். அங்கே முத்திரை பெற்றது சரக்கு. பாரூஸிலோ கட்டணம் கேட்கப்பட்டது கலத்தையும் ஆளையும் நோக்கி. இன்று சிங்கப்பூரில் தனியார் ஒருவர் தம் சொந்தப் படகில் அயல்நாடு செல்ல முற்படும்பொழுது எதிர்ப்படும் தாள்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப் பாத்தாம் தீவு வரை சென்றுவர எண்ணுகிறார் எனக் கொள்வோம். வானம் தெளிந்த நாளில் தென்கரையில் நின்றால் அத்தீவின் மேடுகள் கண்ணுக்குப் புலனாகும். தொலைவு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சரக்கு ஏற்றவில்லை, கூலிக்கு ஆள் ஏற்றவில்லை, பொழுதுபோக்காகச் செல்பவருக்கு முறி எதற்கு என்று அவர் கேட்டால் அக்கேள்வியில் தவறில்லை. சட்டம் அவரை வணிகராகக் கருதி முறி கேட்கவில்லை. அவர் ஒரு நாட்டின் நீரைவிட்டு நீங்கி வேறொரு நாட்டின் நீருள் புகுகிறார் என்பதனாலேயே கேட்கிறது. அவ்வாறு புகும்போது படகைப் பற்றிய சான்று வேறு, ஆளைப் பற்றிய சான்று வேறு, அந்த ஒரு பயணத்தைப் பற்றிய சான்று வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதனாலேயே பலர் இடர்ப்படுகின்றனர்.

படகின் நாடு

மனிதனுக்குக் குடியுரிமை இருப்பதுபோல் கலத்திற்கும் நாட்டுரிமை உண்டு. 1982-இல் ஜமேக்காவின் மாண்டிகோ பே நகரில் கையெழுத்தாகி 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கை இதனைத் தெளிவுபடக் கூறுகிறது. அவ்வுடன்படிக்கையை முடித்துவைத்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரரான பேராசிரியர் டாமி கோ என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதன் 91-ஆம் விதிப்படி எந்நாட்டுக் கொடியைப் பறக்கவிட ஒரு கலத்திற்கு உரிமை உண்டோ அந்நாடே அதன் நாடு. அவ்வுரிமையைக் காட்டும் ஆவணத்தை அந்நாடே வழங்க வேண்டும். 92-ஆம் விதி ஒரு கலத்திற்கு ஒரே கொடி என்கிறது. வசதிக்கேற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிக் காட்டுவது எந்நாடும் இல்லாததற்குச் சமம். நாடில்லாத கலம் என்று ஐயுற இடமிருப்பின், எவர்க்கும் உரித்தாகாத பெருங்கடலிலும் போர்க்கப்பல் அதனை நிறுத்திச் சோதிக்கலாம் என்கிறது 110-ஆம் விதி. ஆகவே பதிவுச் சான்றிதழ் என்பது வெறும் சொத்துப் பத்திரம் அன்று. அஃது இல்லாத கலத்திற்காகப் பரிந்து பேச உலகில் ஓர் அரசும் இராது.

சிங்கப்பூரின் கப்பல் பதிவகம் 1966-இல் நிறுவப்பட்டது. விடுதலை பெற்ற மறு ஆண்டே இது நிகழ்ந்ததில் வியப்பில்லை. கொடி ஒன்று பிறந்தபின் அதனைத் தாங்கும் கலங்களுக்குக் கணக்கு வேண்டுமன்றோ? 1996-இல் அமைந்த சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் பொறுப்பில் இப்பதிவகம் இன்று உள்ளது. கலத்தின் பெயர், அளவு, கட்டிய விவரம், உரிமையாளர் பெயர் ஆகியவை பதிவில் அடங்கும். ஆங்கிலச் சட்ட மரபில் ஒரு கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பகுக்கப்படும். ஏன் 64 என்பதற்குப் பல கதைகள் உண்டு. ஆய கலைகளோடு அதற்குத் தொடர்பு ஒன்றும் இல்லை.

பெயர் மாறினாலும் கலம் மாறாது என்பதைக் காட்டுவதே பதிவேட்டின் பெரும் பயன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கம்மியர் கட்டிய "அன்னபூரணி" என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கி "புளோரன்ஸ் சி. ராபின்சன்" எனப் பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ் வழியாகவும் அட்லாண்டிக் கடல் கடந்தும் அதனைச் செலுத்திச் சென்றனர். 1938-இல் அஃது அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டிய அந்தக் கலம் புறப்பட்ட ஊரில் ஒரு பெயர், போய்ச் சேர்ந்த ஊரில் வேறு பெயர். இவ்விரண்டும் ஒன்றே என்று துறை அதிகாரிக்கு எடுத்துக்காட்டுவது விலைப்பத்திரமும் பதிவுமேயன்றி வேறில்லை. வல்வெட்டித்துறையார் இச்செலவைப் பெருமையுடன் நினைவுகூர்வர். அப்பெருமையை மறுப்பார் இலர். ஆனால் அக்காலத்துத் தமிழ்ப் பாய்க்கப்பல்கள் பலவற்றுக்கு இத்தகைய வரலாறு எழுதப்படாமற் போனதற்கு அவற்றின் தாள்கள் அழிந்ததும் ஒரு காரணம் எனலாம்.

ஈண்டு ஒரு வேறுபாடு உணரத்தக்கது. சிங்கப்பூர்த் துறைமுக நீருள் உல்லாசப் படகை வைத்திருப்பதற்கும் செலுத்துவதற்கும் ஆணையம் வழங்கும் உரிமம் ஒன்று. படகின் நாட்டுரிமையைக் காட்டும் பதிவு மற்றொன்று. வீட்டு வாசலில் வண்டி ஓட்டுவதற்கான உரிமத்தைக் கொண்டு வண்டியின் பிறப்பிடத்தை மெய்ப்பிக்க இயலாது. பதிவுச் சான்றின் படியை மட்டும் எடுத்துச் சென்று மூலத்தை வீட்டில் பூட்டிவைப்போர் உண்டு. பல துறைகளில் மூலத்தையே கேட்பர். படகின் உரிமையாளர் உடன் வாராமல் நண்பர் செலுத்திச் சென்றால், உரிமையாளர் கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் இன்றியமையாதது. அஃது இல்லையெனில் திருடிய படகோ என்ற ஐயம் எழும். காப்புறுதிப் பத்திரமும் உடனிருத்தல் வேண்டும். பத்திரம் இருந்தாலும் அதில் குறித்த கடல் எல்லைக்குள் பாத்தாம் அடங்குமா என்பதை முன்னரே படித்தறிவது நலம்.

வானொலிக் கருவி உள்ள படகுக்கு அதற்கும் ஒரு முறி உண்டு. சிங்கப்பூர்க் கலங்களின் அழைப்புக்குறி ஒன்பது என்னும் எண்ணையும் ஆங்கில "வி" எழுத்தையும் முதலாகக் கொண்டது. தன்னியக்க அடையாளக் கருவி ஒலிபரப்பும் ஒன்பது இலக்க எண் 563 முதல் 566 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டிருக்கும். மலேசியக் கலத்திற்கு 533, இந்தியக் கலத்திற்கு 419. பழங்காலத்தில் கொடியைக் கண்டு நாட்டை அறிந்தனர். இன்று இருளிலும் மூடுபனியிலும் எண்ணைக் கொண்டு அறிகின்றனர். பெருங்கப்பல்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும் சிங்கப்பூர் நீரில் சிறுபடகு தன்னைத் தெரிவித்துக்கொள்ளாமல் செல்வது முறிக்குறை மட்டுமன்று, உயிர்க்கேடும் ஆகும்.

ஆளுக்கு உரிய தாள்

பாஸ்போர்ட் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர் கடப்பிதழ் என்பர். தமிழகத்தாரும் இலங்கைத் தமிழரும் கடவுச்சீட்டு என்பர். கடத்தற்குரிய இதழ், கடவுக்குரிய சீட்டு என இரண்டும் பொருத்தமான ஆக்கங்களே. படகில் உள்ளோர் அனைவர்க்கும் இது வேண்டும் என்பதை யாரும் மறப்பதில்லை. மறக்கப்படுவது பணியாளர் பட்டியல். படகில் உள்ள ஒவ்வொருவரும் பணியாளராகவோ பயணியாகவோ எழுதப்பட வேண்டும். நண்பர்களை மகிழ்ச்சியாக அழைத்துச் செல்பவர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சென்ற இடத்தில் ஒருவர் படகைவிட்டு விமானத்தில் திரும்பினால், பட்டியலில் வந்தவர் எண்ணிக்கையும் செல்பவர் எண்ணிக்கையும் ஒவ்வா. அந்த ஒருவருக்காகப் படகு முழுவதும் நிற்க நேரும்.

படகைச் செலுத்துபவர்க்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. மலாக்காவின் கடற்சட்டத் தொகுப்பு, சுல்தான் மகமூது ஷா ஆட்சிக் காலத்தில் நகுதாக்கள் கூடித் தொகுத்தது எனப்படும். கடலில் இருக்கும்வரை நகுதாவே அரசன் என்பது அதன் அடிப்படை. நகுதா என்னும் பாரசீகச் சொல்லும், அரபு மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் முஅல்லிம் என்பதனின்று வந்த மாலுமி என்னும் சொல்லும் தமிழில் வழங்குகின்றன; மலாயில் அதே சொல் மாலிம் ஆயிற்று. நம்மிடமிருந்து கப்பல் என்னும் சொல்லை மலாயர் காப்பால் என ஏற்றனர். வழிகாட்டிய மாலுமிக்கு ஆசிரியர் என்றே பெயர் வைத்திருந்தனர் என்பது ஆசிரியர்களுக்கு உவப்பளிக்கும் செய்தி.

அரசனாயினும் இன்று தேர்வெழுத வேண்டும். சிங்கப்பூர் நீரில் இயந்திரப் படகு செலுத்துவோர் ஆணையத்தின் உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். இயந்திரமில்லாப் பாய்மரப் படகுக்கு இது பொருந்தாது எனச் சிலர் வாதிப்பர். அயல்நாடு செல்லும் அளவுள்ள படகு எதுவும் இயந்திரம் இல்லாமல் இருப்பது அரிதாகையால் அவ்வாதத்தால் பயனில்லை. 1972-இல் வகுக்கப்பட்ட மோதல் தவிர்ப்பு விதிகள் எவ்வளவு சிறிய கலத்தையும் கட்டுப்படுத்துவன. அவற்றுள் 10-ஆம் விதி பாத்தாம் செல்பவர் மனப்பாடம் செய்யத்தக்கது: கப்பற்பாதையைக் குறுக்கே கடப்போர் இயன்ற அளவு செங்குத்தாகவே கடக்க வேண்டும், 20 மீட்டருக்குக் குறைந்த கலமும் பாய்மரக் கலமும் பாதையில் செல்லும் பெருங்கப்பலின் வழியைத் தடுத்தலாகாது.

மஞ்சட் கொடி

அயல் துறையை அணுகும் கலம் மஞ்சட் கொடி ஒன்றை ஏற்றுவது மரபு. முற்காலத்தில் அக்கொடி கலத்தில் தொற்றுநோய் உண்டு என்பதற்கு அறிகுறி. இன்றைய அனைத்துலகக் குறியீட்டு முறையில் அதன் பொருள் நேர்மாறானது: "கலத்தில் நோயில்லை, கரையோடு கலந்துறவாட இசைவு தருக" என்பதே. ஒரே கொடி நூறாண்டிற்குள் பொருள் தலைகீழானது சொற்பொருள் ஆராய்வோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. தொற்றொதுக்கம் என்பதற்குரிய ஐரோப்பியச் சொல்லே வெனிஸ் நகரத்தார் கலங்களை 40 நாள் ஒதுக்கி வைத்ததனால் பிறந்தது. நாற்பது என்பதே அதன் வேர்ப்பொருள்.

மலாயாத் தமிழர்க்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. 1873-இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியதை அடுத்து, 1874-இல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தொற்றொதுக்க நிலையம் திறக்கப்பட்டது. பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலும் அத்தகைய நிலையம் இருந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா முதலிய கப்பல்களின் மேல்தட்டில் அமர்ந்து வந்தவர்கள் இத்தீவுகளில் இறக்கப்பட்டு, உடைகள் நீராவியில் வேகவைக்கப்பட, நாட்களை எண்ணிக்கொண்டிருந்தனர். தோட்டப்புற முதியோர் பலர் வீட்டில் அதுபற்றிய பேச்சு நெடுநாள் வழங்கிற்று. அறைப்பயணச் சீட்டு வாங்கியோர்க்குச் சோதனை எளிதாகவும் தட்டுப் பயணிகளுக்குக் கடுமையாகவும் இருந்தது; நோய்க் கிருமி சீட்டின் விலை பார்த்துத் தொற்றுவதில்லை என்பதை அதிகாரிகள் அறியாதவர் அல்லர்.

2020-இல் கொவிட்-19 பரவியபொழுது பல நாடுகள் துறைகளை மூடின. உலகைச் சுற்றிவந்த தனியார் படகுகள், முறிகள் யாவும் செவ்வையாக இருந்தும், இறங்க ஒரு கரையின்றிக் கடலிலும் நங்கூரத்திலும் காத்துக் கிடந்தன. எவ்வளவு தாள் வைத்திருப்பினும் இறங்கவிடுவதும் விடாததும் கரையின் உரிமை என்பதை அவ்வாண்டு நினைவூட்டிற்று.

பயணத்தின் சங்கிலி

இனிப் பயணத்திற்குரிய முறி. இவற்றுள் தலையாயது புறப்பாட்டு அநுமதி. ஒரு துறையைவிட்டு நீங்கும் கலம் கட்டணம் யாவும் செலுத்தி, வழக்கு எதுவுமின்றி, முறைப்படி விடுவிக்கப்பட்டது என்பதற்கு அத்துறை தரும் சான்று அது. அடுத்த துறை முதலில் கேட்பது அதனைத்தான். ஆகவே ஒவ்வொரு துறையின் சான்றும் சங்கிலியின் ஒரு கண்ணி. ஒரு கண்ணி அறுந்தால், அடுத்த துறைக்கு அக்கலம் எங்கிருந்தோ தப்பி வந்ததாகவே தோன்றும். பாத்தாம் அருகில்தானே உள்ளது, ஞாயிறு காலை போய் மாலை திரும்பிவிடலாம் எனச் சான்று பெறாமல் செல்பவர், புறப்பட்ட நாட்டிலும் குற்றவாளி, புகுந்த நாட்டிலும் குற்றவாளி.

இந்தோனேசியா தன் நீருள் நுழையும் தனியார் படகுகள் முன்கூட்டியே சிறப்பிசைவு பெறவேண்டும் என்று நெடுங்காலம் விதித்திருந்தது. 2015-இல் வெளியான அதிபர் ஆணை அதனை நீக்கிற்று. ஆயினும் குறித்த நுழைதுறைகளில் சுங்கம், குடிநுழைவு, நலத்துறை, துறைத்தலைவர் ஆகியோரிடம் தாள் காட்டும் கடமை நீங்கவில்லை. முன்னிசைவு வேண்டாம் என்பதைத் தாளே வேண்டாம் எனக் கொண்டு இடர்ப்பட்டோர் உண்டு.

சிங்கப்பூருக்கு வரும் அயற்படகு நேரே படகுத்துறைக்குச் சென்று கட்டுதல் கூடாது. மேற்கிலிருந்து வருவன சிஸ்டர்ஸ் தீவுகளை அடுத்த நங்கூரப் பகுதியிலும், கிழக்கே செல்வன சாங்கியை அடுத்த நங்கூரப் பகுதியிலும் குடிநுழைவுச் சோதனை முடிக்க வேண்டும். அதிகாரிகளின் படகு அருகே வர, கடப்பிதழ்களையும் பட்டியலையும் பையிலிட்டு நீட்டுவர். அதன் பின்னர் 24 மணி நேரத்திற்குள் துறைமுக ஆணையத்திடம் வருகையை அறிவிக்க வேண்டும். பதிவுச் சான்று, முன்துறையின் புறப்பாட்டுச் சான்று, பணியாளர் பட்டியல், பொது அறிவிப்புப் படிவம் ஆகியவை அப்போது வேண்டப்படும்.

அப்படிவத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு துறையும் தனக்குத் தோன்றியவாறு படிவம் அச்சிட்டு, ஒரே செய்தியைப் பத்து விதமாகக் கேட்ட காலம் இருந்தது. 1965-இல் இலண்டனில் நிறைவேறிய கடற்போக்குவரத்து எளிமை உடன்படிக்கை, பொது அறிவிப்பு, பணியாளர் பட்டியல் முதலியவற்றுக்கு உலகெங்கும் ஒத்த அமைப்பை வகுத்தது. சிங்கப்பூரில் 2019-இல் தொடங்கிய டிஜிட்டல்போர்ட் எஸ்ஜி என்னும் இணையமுறை, பல அலுவலகங்களுக்கு எழுதவேண்டியிருந்த 16 படிவங்கள் வரை ஒன்றாக்கியது. கப்பல் முகவர்க்கு இதனால் பெரும் உதவி. ஆண்டில் இருமுறை மட்டும் கடலேறும் தனிப் படகுக்காரருக்கோ தாளில் எழுதுவதே எளிதாக இருந்தது என்று தோன்றுதல் இயல்பு.

துப்பாக்கி மட்டுமன்றி மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியும் அறிவிக்கப்பட வேண்டியதே. மதுவும் புகையிலையும் சுங்கத்திற்கு உட்பட்டவை.

சுங்கம் என்றவுடன் சிங்கப்பூர் தடையிலாத் துறைமுகம் அன்றோ என வினவலாம். உண்மையே. ராபிள்ஸ் 1823-இல் பிறப்பித்த துறைமுக ஆணை, எந்நாட்டுக் கலமும் தீர்வையின்றி வந்து செல்லலாம் எனப் பறைசாற்றியது. சுங்கந் தவிர்த்தவன் எனப் பெயர் பெற்ற முதற் குலோத்துங்கனை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆனால் தீர்வையின்மை வேறு, தாளின்மை வேறு. தொடக்கம் முதலே துறைத்தலைவர் பதவி இங்கிருந்தது. ராபிள்ஸின் மைத்துனரான கேப்டன் பிளின்ட் 1820 முதல் அதனை வகித்தார். அந்நாளில் ஆற்றில் சரக்குத் தோணி தள்ளியவர்களுள் சோழியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் முன்னணியில் நின்றனர். அவர்கள் 1828 முதல் 1830 வரை எழுப்பிய நாகூர் தர்கா தெலுக் ஆயர் தெருவில் உள்ளது. அத்தெரு அன்று கடற்கரை. கடல் தூர்க்கப்பட்டு, தொங்கான்களும் ஆற்றைவிட்டு மறைந்த பின்னர், எல்லையில் தாள் பார்க்கும் வழக்கம் மட்டும் பெருகி நிற்கிறது.

தாள் இல்லாதவர்

இம்முறிகள் எல்லாம் நன்மைக்கே என்று கூறி முடித்துவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1502 முதல் போர்த்துக்கீசியர் இந்துமாக் கடலில் "கர்த்தாஸ்" என்னும் கடற்சீட்டை விதித்தனர். கலத்தின் பெயர், தலைவன் பெயர், அளவு, ஆயுதம், செல்லுமிடம் ஆகியவை அதில் எழுதப்பட்டன. இன்றைய தாள்களில் உள்ள விவரங்களே பெரும்பாலும் அவை. சீட்டின் விலை சிறிது. ஆனால் அதனைப் பெற்ற கலம் போர்த்துக்கீசியர் துறையைத் தொட்டுத் தீர்வை கட்ட வேண்டும், மிளகு ஏற்றுதல் கூடாது. சீட்டில்லாக் கலம் பறிக்கப்பட்டது. அதற்கு முன் மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள் இருந்ததாக அங்கு 1512 முதல் 1515 வரை வாழ்ந்த தோமே பிரெஸ் எழுதியுள்ளார். சோழமண்டலக் கரை வணிகரைக் கவனித்தவர் அவருள் ஒருவர். ஷாபந்தரும் கட்டணம் பெற்றார். ஆனால் தம் துறைக்கு வந்தவரிடமே பெற்றார். தம் துறைக்கு வாராத கலத்தையும் நடுக்கடலில் மறித்துச் சீட்டுக் கேட்டது போர்த்துக்கீசியர் செய்த புதுமை. தாள் ஒன்றே, ஒருவர் கையில் அது வரவேற்பு, மற்றவர் கையில் மிரட்டல்.

தமிழில் "கள்ளத்தோணி" என்றொரு சொல் உண்டு. அத்தோணியில் களவு போன பொருள் ஏதும் இல்லை. மறைவாக வந்தது, அதாவது தாளின்றி வந்தது என்பதே பொருள். தோணிக்கு இட்ட அப்பெயர் பின்னர் அதில் வந்த ஆளின் பெயராயிற்று. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் பதிவாகி, அரசினர் ஏற்பாட்டிலேயே கடல் கடந்தவர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்கள் நாடற்றோராயினர். அதன் பின்னர் அவர்கள் மேலும் இந்த வசைச்சொல் விழுந்தது. முறைப்படி வந்தவரிடம் பின்னாளில் காட்டத் தாள் இல்லை, அவ்வளவே. தோணி ஏறியே இராத அவர்தம் பேரப்பிள்ளைகளும் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தனர். இச்சொல்லைப் பள்ளியில் விளையாட்டாக வழங்கும் மாணவர்க்கு ஆசிரியர் இதனை எடுத்துரைத்தல் தகும்.

1975-க்குப் பின் வியட்நாமிலிருந்து சிறுபடகுகளில் வெளியேறியவர்களிடம் கொடியும் இல்லை, பதிவும் இல்லை, புறப்பாட்டுச் சான்றும் இல்லை. வேறொரு நாடு ஏற்பதாக உறுதி கூறினாலன்றிச் சிங்கப்பூர் அவர்களைக் கரையிறங்க விடவில்லை. உறுதி கிடைத்தவர்கள் செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் சாலை முகாமில் தங்கினர். 1978-இல் திறந்த அம்முகாம் 1996-இல் மூடப்பட்டது. சிறுநாடு ஒன்று அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆயினும் கடற்சட்டத்தில் இடரில் உள்ளாரைக் காக்கும் கடமை தாள் கேட்பதற்கு முற்பட்டது என்பதையும் சொல்லாமல் விடுதல் ஆகாது.

இவ்விருவகையாரினும் வேறானவர் ஓராங் செலேத்தார் என்னும் கடல்மாந்தர். ஜொகூர் நீரிணையின் அலையாத்திக் காடுகளே அவர்கள் ஊர்; படகே வீடு. மேற்கே சில நாள், கிழக்கே சில நாள், மீன் உள்ள இடத்தில் தங்கல். எவரும் பதிவு செய்யாத அப்படகுகளுக்கு இருகரையும் ஒரே கரையாக இருந்தன. 1965-இல் அந்நீரின் நடுவே இரு நாடுகளின் எல்லை அமைந்தது. 1967 முதல் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. சிலர் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். பெரும்பாலோர் ஜொகூர்ப் பாருவை அடுத்த கரையோரச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். பல இடங்களில் ஒரு மைலுக்கும் குறைந்த அந்நீருக்கு அப்பால் உள்ள உறவினரைப் பார்க்க விரும்புபவர், படகைக் கரையில் கட்டிவிட்டுப் பேருந்தேறி, பாலத்தின் இருமுனையிலும் வரிசையில் நின்று, குடிநுழைவுச் சோதனை முடித்துச் சென்றுவர வேண்டும்.